மழை பொய்ச்சா யார் கணக்கு? - கரிசக்காட்டுப் புதூரின் கதை

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு வச்சிருந்த பதிவை தூசி தட்டி எடுத்திருக்கேன். கொஞ்சம் நீளம்தான். டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்து உக்காந்துக்குங்க.

ஊர் வரலாறுன்னு யாராவது பதிவு போட்டா அதுல ஒரு ராஜா வருவார், ரெண்டு கல்வெட்டு வரும், ஆயிரம் வருஷத்துக் கோயில் ஒண்ணு வரும். தஞ்சாவூர்க்காரங்களும் மதுரைக்காரங்களும் இந்த விஷயத்துல குடுத்து வச்சவங்க. எங்க பக்கம் கதையே வேற. ஊர் பேரே புதூர். தமிழ்நாட்டுல மாவட்டத்துக்குப் பத்து புதூராவது தேறும். "விளாத்திகுளம் புதூர்"னு சேத்துச் சொன்னாத்தான் வெளியூர்க்காரங்களுக்குப் புரியும்.

எங்கே இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: அருப்புக்கோட்டையில இருந்து பந்தல்குடி வழியா தெக்க விளாத்திகுளம் போற ரோட்டுல, நாகலாபுரத்துக்கு முன்னாடி வரும். தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் தாலுகா. வடக்க கொஞ்ச தூரம் போனா விருதுநகர் மாவட்டம், கிழக்க போனா ராமநாதபுரம். மேக்க போனா எட்டயபுரம், கோவில்பட்டி. பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத்தோட தலைமையிடம். பஸ் ஸ்டாண்டு, உரக்கடை, கமிஷன் கடை, டீக்கடை, பள்ளிக்கூடம். சுத்துப்பட்டிக் கிராமங்களுக்கு இதுதான் டவுனு. ஆறு கிடையாது. வைப்பாறு விளாத்திகுளத்தை ஒட்டிப் போயிடுது. இங்க மானமும் மண்ணும்தான். மானம்னா வானம், எங்க பக்கத்துப் பேச்சு :-)

இந்த ஊரோட வரலாற்றை ஒரே ஒரு கேள்வியை வச்சுப் பாக்கலாம்னு எனக்குத் தோணுது. மழை பொய்ச்ச வருஷம், அந்த நட்டம் யார் தலையில விழுந்துச்சு? இருநூறு வருஷமா இந்தக் கேள்விக்குப் பதில் மாறிட்டே வந்திருக்கு. அந்த மாற்றம்தான் எங்க ஊர் வரலாறு.

மொதல்ல மண்ணு

கரிசல் மண்ணைப் பத்தித் தெரியாம மத்தது புரியாது. களிப்பு அதிகமான மண்ணு. நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். கோடையில வெடிப்புக்குள்ள கையை விட்டா முழங்கை வரைக்கும் போகும். மழை பெஞ்ச அன்னிக்கு காட்டுக்குள்ள நடந்தா செருப்பு காலோட வராது, வந்தாலும் கிலோ கணக்குல மண்ணோட வரும். வீடு கட்டுறவங்களுக்கு இந்த மண்ணு பெரிய தலைவலி, அஸ்திவாரத்தையே அசைச்சுப் பாத்துடும்.

ஆனா இதுக்கு ஒரு பெரிய குணம் இருக்கு. குடிச்ச தண்ணிய லேசுல விடாது. வருஷத்துக்கு சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதுல பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழையா வரும். அந்த ரெண்டு மாசத் தண்ணிய மண்ணு உள்ள வச்சுக்கிட்டு, மேல மழையே இல்லாட்டியும் பனியிலயும் அடி ஈரத்துலயும் பயிரை மாசி வரைக்கும் இழுத்துட்டுப் போகும். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி, பருத்தி, மல்லி, வத்தல் மிளகாய்... எல்லாமே இப்படி வளந்ததுதான். கெணத்துத் தண்ணி இல்லாம, மானத்தை மட்டும் நம்பி விவசாயம். மானாவாரின்னு சொல்றது இதைத்தான்.

இதுல சூதாட்டம் எங்கன்னா விதைக்கிற நாள்ல. மழைக்கு முன்னாடியே புரட்டாசியில புழுதியில விதைச்சுட்டா மொத மழையிலயே முளைச்சு முந்திக்கும். மழை தள்ளிப் போனா விதை போச்சு. மழை பெஞ்சப்புறம் விதைக்கலாம்னா காடு சேறாகி ஏர் எறங்காது. கோவில்பட்டியில 1901-ல ஆரம்பிச்ச விவசாய ஆராய்ச்சிப் பண்ணையும் இந்த மானாவாரிப் பிரச்சினையில தலையக் குடுத்திருக்குது. இந்தியாவுல ரொம்பப் பழைய பண்ணைகள்ல அதுவும் ஒண்ணு. பொட்டி தட்டுற நமக்கு ரிலீஸ் தேதி தப்பினா மேனேஜர்கிட்ட திட்டு. இவங்களுக்குத் தப்பினா ஒரு வருஷச் சாப்பாடு.

பாளையமும் கம்பெனியும்

சரி, மேட்டருக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டுல இந்தப் பகுதி முழுக்க பாளையங்கள். பக்கத்து ஊர் நாகலாபுரம் ஒரு பாளையம், காடல்குடி இன்னொண்ணு. ரெண்டும் கட்டபொம்மன் பக்கம் நின்ன பாளையங்கள். 1799-ல மேஜர் பானர்மேன் படையோட வந்தப்போ கட்டபொம்மனோட தானாபதி சுப்பிரமணிய பிள்ளையைத் தூக்குல போட்டது இந்த நாகலாபுரத்துலதான். தலையை வெட்டி பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஈட்டியில குத்தி வச்சாங்க. அந்த வருஷம் அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறுல கட்டபொம்மன் தூக்கு. சினிமாவுல பாத்ததெல்லாம் எங்க ஊர்ல இருந்து நடந்து போற தூரம்னு சின்ன வயசுல பெருமையடிச்சிட்டுத் திரிவோம்.

இதுல சினிமாவுல வராத பகுதிதான் நமக்கு முக்கியம். நாகலாபுரம், காடல்குடி பாளையங்களைக் கம்பெனி பறிமுதல் பண்ணுச்சு. தங்கள் பக்கம் நின்ன பாளையக்காரர்களுக்குப் பிரிச்சுக் குடுத்துச்சு. 1801-ல ஆற்காட்டு நவாப்கிட்ட இருந்து மொத்த நிர்வாகமும் கம்பெனி கைக்கு வந்தது. 1803-ல மிச்சம் இருந்த பாளையங்களை ஜமீன்களா மாத்தி, வருஷத்துக்கு இவ்வளவு பேஷ்குஷ் கட்டணும்னு ஒரு தொகையை நிரந்தரமா எழுதிட்டாங்க.

நிரந்தரம்ங்கிற வார்த்தையைக் கவனிங்க. மழை பெஞ்சாலும் அதே தொகை, பெய்யாட்டியும் அதே தொகை. மண்ணும் மானமும் வருஷத்துக்கு வருஷம் மாறுது, கஜானா கணக்கு மட்டும் மாறல. மேல இருக்குறவனுக்கு நட்டம்ங்கிற பேச்சே இல்லன்னா, அது கீழ யார்கிட்டயாவது எறங்கித்தானே ஆகணும்?

(இடைச்செருகல்: காடல்குடி ஜமீன் வாரிசுதான் பின்னாடி விளாத்திகுளம் சுவாமிகள்னு பேர் வாங்குன நல்லப்பசாமி. ஒரே ராகத்தை மணிக்கணக்குல பாடுறவர்னு சங்கீதக்காரங்க மத்தியில பெரிய மரியாதை. கரிசல்னா வெயிலும் புழுதியும் மட்டும்தான்னு நெனைக்கிறவங்களுக்காக இந்தத் தகவல்.)

பருத்தி வந்த வழி

1861-ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர். லங்காஷயர் மில்லுகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்னு போச்சு. எங்கயோ அடிச்ச புயலுக்கு எங்கயோ மழை பெய்யற மாதிரி, திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்திக்கு திடீர்னு விலை ஏறுச்சு. தூத்துக்குடி துறைமுகம் வழியா கப்பல் ஏறுன பருத்திக்கு வெளிநாட்டு மார்க்கெட்ல 'டின்னிஸ்'னே செல்லப்பேர். 1865-ல போர் முடிஞ்சதும் விலை எறங்கிடுச்சு. உலகத்துல எங்கயோ நடக்குற விஷயம் நம்ம களத்து மேட்டு விலையை நிர்ணயிக்கும்ங்கிறதை எங்க பாட்டன் பூட்டனுங்க அப்பவே அனுபவிச்சுட்டாங்க. உலகமயமாக்கல்னு 1991-க்கு அப்புறம் நாமதான் என்னவோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசிட்டிருக்கோம்.

1876-ல மதுரை - தூத்துக்குடி ரயில் ஓட ஆரம்பிச்சது. சாத்தூர், கோவில்பட்டி வழியா. புதூருக்கு ரயில் வரல. ஊர்ப் பருத்தி மாட்டு வண்டியிலதான் போகணும். ரயில் வந்த அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சமும் ஆரம்பிச்சது. 1876-ல இருந்து 78 வரைக்கும் தென்னிந்தியாவுல லட்சக்கணக்குல சனங்க செத்துப் போனாங்க. பணப்பயிர் கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடிதான் உச்சத்துக்குப் போய்ட்டு வந்திருந்தது. பஞ்சத்துல பஞ்சைத் திங்க முடியாதுல்ல. கம்பும் சோளமும் குதிருக்குள்ள கெடந்தவன் பொழைச்சான்.

1885-ல பாபநாசத்துலயும் 1888-ல தூத்துக்குடியிலயும் ஹார்வி மில்லுகள் வந்தது. 1908-ல வ.உ.சி. நடத்துன கோரல் மில் வேலைநிறுத்தம் அந்தத் தூத்துக்குடி மில்லுலதான். அங்க நூலா ஓடுனது இந்த மாதிரிக் கரிசக்காட்டுப் பருத்தி. நடுவுல ஒரு காமெடியும் நடந்துச்சு. நல்ல பருத்தியோட புளிச்சைங்கிற மட்டமான குட்டை இழைப் பருத்தியைக் கலந்து வித்து, 'டின்னிஸ்' பேரையே கெடுத்துட்டாங்க. அப்புறம் கோவில்பட்டிப் பண்ணையில நல்ல கருங்கண்ணி விதையைத் தேர்ந்தெடுத்துப் பரப்பி அந்தப் பேரை மீட்டாங்க. கலப்படம் பண்ணதுல ஏவாரிக்கு லாபம், பேர் கெட்டதால விலை எறங்குனப்போ நட்டம் விவசாயிக்கு. திரும்பவும் அதே கேள்வி!

நட்டத்தைப் பங்கு போட்ட ஏற்பாடுகள்

இப்படி மேல இருந்து சுமை எறங்கிட்டே இருந்தப்போ ஊர் எப்படித் தாங்குச்சு? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஊருக்குள்ள நட்டத்தைப் பங்கு போட பல ஏற்பாடு இருந்துச்சு.

ஒண்ணு, காட்டுக்குள்ளயே. யாரும் ஒரே பயிரை முழுக்க விதைக்க மாட்டாங்க. பருத்திக்கு நடுவுல உளுந்து, ஓரத்துல ஆமணக்கு, அந்தப் பக்கம் கம்பு. ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும். நம்ம பாஷையில சொன்னா பேக்கப் இல்லாம யாரும் சர்வரை ஓட்டல.

ரெண்டாவது, களத்துச் சுதந்திரம். இந்த வார்த்தைக்கும் ஆகஸ்ட் 15-க்கும் சம்பந்தம் இல்ல. கதிரடிச்சுப் பொலி குவிச்சதும், வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஆசாரி, கொல்லர், வண்ணார், நாவிதர்னு ஊர்த்தொழில் பாக்குறவங்களுக்கு அளந்து குடுக்குற பங்கு. வெளைச்சல் இருந்தா எல்லாருக்கும் இருக்கும். இல்லன்னா எல்லாருக்கும் கம்மி.

மூணாவது, குடிமராமத்து. கண்மாயும் ஊருணியும் தூர் வார வீட்டுக்கு ஒரு ஆள் வரணும். வெள்ளைக்காரன் 1858-ல கட்டாய உழைப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டு இதைச் சட்டத்துக்குள்ளயே கொண்டு வந்தான். சட்டம் போட்டதும் ஆர்வம் கொறஞ்சிடுச்சு, அது மனுஷ சுபாவம். கண்மாய் ஊர் கையில இருந்து சர்க்கார் கைக்குப் போனா என்ன ஆகும்னு சோ. தர்மன் 'சூல்' நாவல்ல எழுதியிருக்கார். எட்டயபுரம் பக்கத்து உருளைகுடிதான் களம், 2019-ல சாகித்ய அகாதமி விருது வாங்குனது. படிக்காதவங்க படிச்சிடுங்க.

நாலாவது, மகமை. இது ஏவாரம் பண்ற நாடார் உறவின்முறைகள் கண்டுபிடிச்ச ஏற்பாடு. ஒவ்வொரு விற்பனையிலயும் ஒரு சின்னத் தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைக்கிறது. அந்தக் காசுலதான் விருதுநகர், அருப்புக்கோட்டை மாதிரி ஊர்கள்ல பள்ளிக்கூடமே நடந்துச்சு. விருதுநகர்ல வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்துன கதை ரொம்பப் பேருக்குத் தெரியும்.

அஞ்சாவது, தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆகித் தனிக்குடும்பம் ஆனா ஒரு தலைக்கட்டு. பொங்கல் சாட்டினா ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி. பணக்காரன் ஏழை எல்லாருக்கும் ஒரே வரி, கோயில் முன்னாடி ஒரே மரியாதை.

நிற்க. இதையெல்லாம் சொல்லி "அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தாங்க"ன்னு கொசுவத்தி சுத்த நான் வரல. இந்த ஏற்பாடு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலி இருந்துச்சு. வேலியோட பேரு சாதி. மகமை ஒரு சாதிக்குள்ள. தலைக்கட்டு வரி ஒரு தெருவுக்குள்ள. ஊருணி ஊருக்குப் பொதுன்னு பேரு, ஆனா எல்லாரும் எறங்கி மோந்துக்க முடியாது. களத்துல பங்கு வாங்குனவங்க நிமிந்து நின்னு வாங்கல. அதிகம் உழைச்சு, கூலியாத் தானியம் வாங்குனவங்களுக்குச் சொந்தமாக் காடே கிடையாது. அவங்களுக்கு மழை பொய்ச்சா நட்டம் மட்டும்தான் பங்கு. 1990-கள்ல இந்த மாவட்டமே சாதிக் கலவரத்துல எரிஞ்சப்போ வெளிய வந்தது நேத்து மொளைச்ச கோவம் கிடையாது. 1995 ஆகஸ்ட் 31-ல கொடியங்குளத்துக்குள்ள போலீஸ் புகுந்து வீடுகளை அடிச்சு நொறுக்குனதும், 1997-ல மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வச்சிருந்த தலைவர்கள் பேரை எல்லாம் எடுத்ததும் இந்த வரலாற்றுல சேத்திதான். 1986-ல வ.உ.சிதம்பரனார் மாவட்டமாப் பொறந்த எங்க மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமா ஆனது அப்பத்தான்.

சர்க்கார் வந்த பிறகு

1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம். நிலம் ரயத்துவாரி ஆச்சு. பட்டா கைக்கு வந்தவனுக்கு நேரா சர்க்கார்தான் எஜமான். அறுபதுகள்ல ஊராட்சி ஒன்றியம் வந்து புதூர் அதுக்குத் தலைமையிடம் ஆனப்புறம்தான் ஊருக்கு டவுனு களை வந்துச்சு. பிடிஓ ஆபீஸ், அதைச் சுத்தி டீக்கடை, டீக்கடையில அரசியல்.

எழுபதுகள்ல உழவர் போராட்டம். மின்கட்டணம், கடன், ஜப்தின்னு கோயமுத்தூர்ப் பக்கம் நாராயணசாமி நாயுடு ஆரம்பிச்ச சங்கம் கரிசக்காட்டுலயும் பெருசா வேர் விட்டுச்சு. கோயமுத்தூர்ல பிரச்சினை பம்புசெட் மின்சாரம். இங்க கெணறே அபூர்வம், பிரச்சினை கடன். மழை இல்லாத வருஷத்துக் கடனைக் கட்டலன்னு வீட்டுச் சாமானை ஜப்தி பண்ண வந்தா எப்படி இருக்கும்? "மழைக்கு நான் பொறுப்பா?"ங்கிற கேள்வியை ஊர் ஊரா மொத தடவை சத்தமாக் கேட்டது அப்பத்தான். நாராயணசாமி நாயுடு இறந்ததும் இந்த மண்ணுலதான். 1984 டிசம்பர் 21, கோவில்பட்டி.

இன்னொரு பக்கம் தீப்பெட்டி. 1922-ல சிவகாசியில இருந்து ரெண்டு பேர் கல்கத்தா போய்த் தொழில் கத்துட்டு வந்த கதை தெரியும்ல? அய்ய நாடாரும் சண்முக நாடாரும். மழை கொறைவா இருக்குறதே அந்தத் தொழிலுக்கு வசதி, குச்சி சீக்கிரம் காயும். விவசாயத்துக்குச் சாபமா இருந்த வெயில் தீப்பெட்டிக்கு வரமாச்சு. சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம்னு பரவி, கிராமத்துக்கு வேன் அனுப்பி ஆள் ஏத்துனாங்க. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போனது பெரும்பாலும் பொம்பளைங்களும் பொம்பளப் புள்ளைங்களும். மழை பொய்ச்ச வருஷம் அடுப்பு எரிஞ்சது அந்தக் கூலியிலதான். அதாவது ஆம்பளை விதைச்சுத் தோத்த நட்டத்தை, பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒம்போது வயசுப் புள்ளை தன் விரலால அடைச்சிருக்கு. அந்தத் தலைமுறை அக்காக்கள் இப்போ நாப்பது அம்பது வயசுல இருக்காங்க. அவங்க பேர்ல எந்த ஊர்லயும் கல்வெட்டு கிடையாது. தீப்பெட்டி விலை 2007-ல அம்பது காசுல இருந்து ஒரு ரூபா, 2021 டிசம்பர்ல ரெண்டு ரூபா. அவ்வளவுதான் ஏறுச்சு.

மக்காச்சோளமும் இன்சூரன்சும்

இப்போ சமீபத்துக்கு வருவோம். கோழித் தீவனத்துக்கு கிராக்கி ஏறினதும் கரிசக்காடு மக்காச்சோளத்துக்கு மாறுச்சு. விதைக்கிறதும் அறுக்குறதும் சுலபம், மெசினு இருக்கு, ஆள் தேவை கம்மி, ஏவாரி காட்டுக்கே வருவார். காடு முழுக்க ஒரே பயிர். பழைய பேக்கப் எல்லாம் போச்சு.

2018 மே மாசம் கர்நாடகாவுல அமெரிக்கன் படைப்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. அந்த வருஷ ராபிப் பருவத்துலயே அது புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டி மக்காச்சோளத்துக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. குருத்துக்குள்ள பூந்து தின்னா மருந்தடிச்சாலும் எறங்காது. அரசு குடுத்த நிவாரணம் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 7,410 ரூபா. ஏக்கருக்குக் கணக்குப் போட்டா சுமார் மூவாயிரம். விதை, உழவு, உரம், மருந்துன்னு செலவழிச்சவங்ககிட்ட இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்க.

சரி, இன்சூரன்ஸ் இருக்கேன்னு கேப்பீங்க. 2016-ல இருந்து பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டம். ராபிப் பருவத் தானியம், பயறுன்னா விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம், மிச்சத்தை மத்திய மாநில அரசுகள் கட்டும். காகிதத்துல அருமையான திட்டம். நட்டத்தை மொத்த நாட்டுக்கும் பங்கு போடுற ஏற்பாடு. அதுக்குச் சாதி வேலி கிடையாது, அந்த வகையில பழைய ஏற்பாடு எல்லாத்தையும் விட மேல்.

பிரச்சினை அளவுகோல்ல. உங்க காட்டுல எவ்வளவு போச்சுன்னு பொதுவா யாரும் வந்து பாக்க மாட்டாங்க. கிராமம் அல்லது பிர்க்கா அளவுல சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுத்து எடை போடுவாங்க. அதோட சராசரி முந்தைய வருஷங்களை வச்சுப் போட்ட அளவுக்குக் கீழ போனாத்தான் பணம். கரிசல் மழை எப்படின்னா, ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும். "மாட்டுக்கு ஒரு கொம்பு நனையும், ஒரு கொம்பு காயும்"னு எங்க மாமா ஒருத்தர் சொல்லுவார். அந்த மழைக்கு சராசரி எடுத்தா என்ன வரும்? ஒரு பிர்க்காவுக்குப் பணம் வந்து பக்கத்து பிர்க்காவுக்கு வராதப்போ கலெக்டர் ஆபீஸ் வாசல்ல காய்ஞ்ச பயிரோட விவசாயிகள் நிக்கிற போட்டோவை பேப்பர்ல பாத்திருப்பீங்க. அவங்க சோம்பேறித்தனமா இலவசம் கேக்கல மக்களே. பிரீமியம் கட்டி பாலிசி எடுத்தவங்க.

இதுல மானமும் முன்ன மாதிரி இல்ல. 2021 ஜனவரியில, உளுந்தும் பாசியும் அறுவடைக்கு நிக்கிற நேரத்துல விடாம மழை. காட்டுலயே மொளைச்சு அழுகிப் போச்சு. 2023 டிசம்பர் 17, 18-ல தூத்துக்குடி மாவட்டத்துல வந்த பெருமழையில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர். எங்க ஊர் ஒரு வருஷ மழையை விட அதிகம் அது. மழைக்கஞ்சி காய்ச்சி, கொடும்பாவி கட்டி இழுத்து மழையைக் கூப்பிட்ட ஊர் பக்கத்துல, போதும் நிறுத்துன்னு கும்பிட வேண்டிய நிலைமை.

காலியாகுற காடு

இதோட விளைவு கண்ணுக்குத் தெரியும். விதைக்காத காட்டுல சீமைக்கருவேலம் மொளைக்கும். 2017-ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டப்போ ஊரெல்லாம் ஜேசிபி ஓடுச்சு. ஆனா மழை பொய்ச்ச வருஷம் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வித்துத்தான் பல வீட்டுல சோறு. வில்லனா ஹீரோவான்னு லேசுல சொல்லிட முடியாது.

காலியான இன்னும் சில காடு காத்தாடிக்கும் சோலாருக்கும் போகுது. கிழக்க கமுதியில 2016-ல வந்த 648 மெகாவாட் சோலார்ப் பண்ணை சுமார் 2,500 ஏக்கர். வெயிலுக்கு மறுபடி ஒரு விலை வந்திருக்கு, தீப்பெட்டி காலம் மாதிரி. நிலம் வச்சிருந்தவங்களுக்குப் பணம் வந்துச்சு. அந்த நிலத்துல களை எடுத்தவங்களுக்கும் ஆடு மேச்சவங்களுக்கும் என்ன வந்துச்சுன்னு கேட்டா, பழைய களத்து மேட்டுக் கணக்குதான்.

ரயில் கதையையும் சொல்லிடுறேன். 1876-ல நம்மை விட்டுட்டுப் போன ரயில், 2011-12 பட்ஜெட்ல திரும்பிப் பாத்துச்சு. மதுரையில இருந்து அருப்புக்கோட்டை, புதூர், விளாத்திகுளம் வழியா தூத்துக்குடிக்குப் புதுப்பாதை, சுமார் 143 கிலோமீட்டர். தெக்க மீளவிட்டான் - மேலமருதூர் துண்டு மட்டும் முடிஞ்சது. 2025 ஜனவரியில "இந்தத் திட்டம் வேண்டாம்னு தமிழக அரசே சொல்லிடுச்சு"ன்னு ரயில்வே அமைச்சர் பேசினதா செய்தி வந்து, மாநில அரசு மறுத்து, கேள்வி சரியாக் காதுல விழாததால வந்த குழப்பம்னு ரயில்வே விளக்கம் குடுத்துச்சு. நூத்தம்பது வருஷமா வண்டிக்குக் காத்திருக்கோம், காது கேக்கலையாம் ;-)

இன்னும் மிச்சம் இருக்குறது

ஆனா ஊர் செத்துடுச்சுன்னு ஒப்பாரி வைக்க மாட்டேன். சித்திரை ஒண்ணாம் தேதி காலையில இந்தப் பக்கக் கிராமங்களுக்கு வந்து பாருங்க. பொன்னேர் பூட்டுறதுன்னு பேரு. ஊர்ல இருக்குற ஏர் எல்லாம் வரிசையாக் கட்டி, சாமி கும்பிட்டு, வருஷத்து மொத உழவைச் சேந்து ஓட்டுவாங்க. மாடு கொறைஞ்சு போன ஊர்ல டிராக்டருக்குச் சந்தனம் குங்குமம் வச்சு மாலை போட்டு ஓட்டுறாங்க. தனித்தனியாத் தோக்கப் போறோம்னு தெரிஞ்சும் சேந்து ஆரம்பிக்கிறாங்கல்ல, அதுல ஏதோ இருக்கு. மாட்டுவண்டிப் பந்தயம் இன்னும் நடக்குது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சு ஓட்டுவாங்க. 2014-ல தடையாகி 2017 சட்டத்துக்கு அப்புறம் திரும்பி வந்தது. முளைப்பாரி, கும்மி எல்லாம் உண்டு. தலைக்கட்டு வரியும் இருக்கு. சென்னை, திருப்பூர், துபாயின்னு போனவங்க ஜிபேல அனுப்புறாங்க, நோட்டுல பேர் ஏறுது.

இந்தத் தலைக்கட்டு வரிதான் என்னை ரொம்ப யோசிக்க வைக்குது. ஊர்ல இல்லாதவனும், காடே இல்லாதவனும், கொடைக்கு வரவே முடியாதவனும் கட்டுற வரி அது. ரசீது கூடக் கேக்குறதில்ல. சாமிக்கு இவ்வளவு நம்பிக்கையா நடக்குற ஏற்பாட்டை, வேலியைப் பிரிச்சுப் போட்டுட்டு, எல்லாத் தெருவையும் சேத்து, மழை பொய்ச்ச வருஷத்துக்கு ஒரு பொது நிதியா மாத்த முடியாதா? விதைக் கடனுக்கு, கண்மாய் தூருக்கு, ஊருக்குள்ளயே மழைமானி வச்சு இன்சூரன்ஸ் கணக்கைச் சரிபாக்குறதுக்கு? ஒரு மழைமானிக்கு ஆகுற செலவு நாம வீக்கெண்டு பாக்குற ரெண்டு படத்துக்குள்ள அடங்கும். பிர்க்கா சராசரிக்கு எதிரா பேச நம்ம கையில ஊர் மழைக் கணக்கு நோட்டு ஒண்ணு இருந்தாலே கலெக்டர் ஆபீஸ்ல பேச்சு வேற மாதிரி இருக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கு. கி.ரா. 1982-லயே கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டுட்டுப் போயிட்டார். அவர் சேத்தது சொல்லு. நாம சேக்க வேண்டியது கணக்கு. எந்த வருஷம் எந்த மாசம் மழை, என்ன விதைச்சாங்க, என்ன விலை, யார் எவ்வளவு கடன். 1917-ல ஹெச்.ஆர். பேட் எழுதுன திருநெல்வேலி கெஜட்டியர்ல சர்க்கார் பக்கத்துக் கணக்கு இருக்கு. நம்ம பக்கத்துக் கணக்கு பழைய கமிஷன் கடைப் பேரேட்டுலயும், தாத்தாக்களோட டிரங்குப் பெட்டியிலயும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அக்காக்களோட ஞாபகத்துலயும் கெடக்கு. அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிக்கிட்டாத்தான் உண்டு.

மானாவாரி ஊர்க்காரங்க யாராவது இதைப் படிச்சா, உங்க பக்கம் நட்டத்தை எப்படிப் பங்கு போட்டாங்க, அதுக்கு என்ன பேரு வச்சிருந்தாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. எல்லாம் சேந்தா தனிப் பதிவாவே போட்டுடலாம்.

டிஸ்கி: "புதூர்ல என்னய்யா வரலாறு இருக்கு"ன்னு கேட்ட நண்பருக்கு இந்தப் பதிவு சமர்ப்பணம். பதில் போதும்னா ஒரு பாக்கெட் கோவில்பட்டி கடலை மிட்டாய் அனுப்பி வைக்கவும். 2020-ல புவிசார் குறியீடு வாங்குன அசல் சரக்கா இருக்கணும், சொல்லிட்டேன் :-)